கஜி என்று கூப்பிடாதே

வீடு கட்டி முடிந்து கதவும் மாட்டியாகிவிட்டது. ஆனால் மித்ரி இன்னும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சில் சளி கட்டி, நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிற மனுஷன் அடுப்புக்குப் பூச்சு வேலை பார்க்க ஜன்னலில் தொற்றி ஏறுவதைப் பார்த்து உள்ளூர்ச் சாவோ சீமை ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கதவு மாட்டிய வீட்டின் வாசற்படியை முதலில் தாண்டுகிறவன்தான் அந்த வீட்டிலிருந்து முதலில் சவமாக வெளியே போவான் என்பது போரில் ஊரை விட்டு இங்கே ஓடி வந்த சால்மிக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் பூனையை அனுப்புவார்கள். பூனை தன் காலால் நடந்து உள்ளே போக வேண்டும். தூக்கிப் போட்டால் கணக்கில்லை.

அவன் மனைவி பலாகாவுக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது. மித்ரியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்ட டாக்டர், குளிர்காலத்தில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைச் சொன்னபோது அவர் மித்ரியைப் பார்க்கவில்லை, பலாகாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். யார் முதலில் போனாலும் சரி, மித்ரி போகக்கூடாது.

சால்மியிலும் அவர்களுக்குப் பூனை இருந்தது. லடோகா ஏரிக்கரையில் இருந்த வீட்டை விட்டு இரண்டாம் முறை ஓடியபோது, வண்டியில் மாட்டுக்கும் மூட்டைக்கும் நடுவில் இடமில்லை. அடுப்பு மேல் உட்கார்ந்திருந்த பூனையிடம் பலாகா சொன்னாள், "இங்கேயே இரு கஜி, வந்துடறேன்." கஜி என்றால் அவர்கள் பேச்சில் பூனை. முதல் போரில் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது வீடு எரிந்து அடுப்பு மட்டும் நின்றது, பூனை அந்த அடுப்பின் மேலேயே இருந்தது. இந்த முறை எல்லைக்கோட்டை நகர்த்தி ஊரை ரஷ்யக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், திரும்பிப் போவதற்கு ஊரே இல்லை. அந்தப் பூனையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

அரசாங்கம் கொடுத்த இந்தச் சதுப்பு நிலத்தில் வீடு எழும்பும் வரை அவர்கள் ஹில்மா எஜமானியின் பண்ணையில் ஓர் அறையில் ஒண்டியிருந்தார்கள். ஹில்மா கெட்டவள் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. பலாகா மாட்டுக்கொட்டிலில் பால் கறக்கும்போது ஒரு சாம்பல் குட்டி வந்து காலைச் சுற்றும். "கஜி, கஜி" என்று சொல்லி மடியிலிருந்து நேராக அதன் வாயில் பீய்ச்சுவாள்.

"என்னடி பாஷை இது பலாகா?" என்பாள் ஹில்மா. "நாக்குல முள்ளு குத்தின மாதிரி. நல்லா வாயைத் திறந்து கிஸ்ஸான்னு சொல்லு."

மித்ரி இதற்கெல்லாம் அசர மாட்டான். "பட்டாளத்துல என்கூட இருந்த எஸ்தோனியாக்காரன் கஸ்ஸும்பான். நீங்க கிஸ்ஸாங்கறீங்க, நாங்க கஜிங்கறோம். எலிக்கு எல்லாம் ஒண்ணுதான் எஜமானியம்மா," என்பான். ஹில்மா சிரித்துவிடுவாள்.

மகள் இரோவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா அவள் பெயரை இர்யா என்று மாற்றி எழுதிக்கொண்டாள். அது பரவாயில்லை, அவளே விரும்பினாள். ஆனால் ஒருநாள் பாடம் நடக்கும்போது பூனைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்க, வாய் தவறிக் கஜி என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஹில்மாவின் மகள் கார்ரினாவும் மற்ற பெண்களும் சாலை நெடுக "கஜி, கஜி, ரஷ்யக்காரி கஜி" என்று பின்னாலேயே வந்தார்கள். ஒருநாள் பின்னலில் தார் பூசி அனுப்பினார்கள். பலாகா கத்தரிக்கோலால் முடியை வெட்டிக்கொண்டிருக்கும்போது, இரோ அழாமல் சொன்னாள், "இனிமே வெளியில அந்த வார்த்தையைச் சொல்லாதேம்மா. சாமி படத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ணு."

தன் வார்த்தையால் பெண்ணின் பின்னல் போயிற்றே என்று பலாகா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். சிலுவைக் குறி போட்டுச் சத்தியம் செய்தாள். கொட்டிலுக்குள் மட்டும், யாரும் இல்லாதபோது, மாட்டின் வயிற்றோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கஜி என்று முணுமுணுப்பாள். குட்டி வளர்ந்து பெரிய பூனையாயிற்று. அவளைத் தவிர வேறு யார் காலையும் அது சுற்றவில்லை.

குடிபோகிற அன்று காலையிலிருந்தே மழையும் பனியும் கலந்து விழுந்தது. ஹில்மா கார்ரினாவோடு வந்திருந்தாள், அக்கம்பக்கத்துப் பண்ணைகளிலிருந்தும் வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் வந்து நின்றார்கள். பலாகா கதவை விரியத் திறந்துவைத்து, கூடையிலிருந்து பூனையை விட்டாள். அது கதவைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது, ஒரே ஓட்டமாக விறகுக் குவியலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பலாகா வாசற்படிக்கு முன்னால் குந்தினாள். கையில் பால் கிண்ணம். "கிஸ்ஸா," என்று கூப்பிட்டாள். "கிஸ்ஸா, கிஸ்ஸா, வா."

பூனை அவளைப் பார்த்தது. வரவில்லை.

"பிடிச்சுத் தூக்கி உள்ளே போடறதை விட்டுட்டு," என்றாள் ஹில்மா. "நாங்கெல்லாம் நனையறோம்."

"தானா நடந்து போகணும் எஜமானியம்மா."

"உங்க ஊர் வழக்கத்துக்கு ஒரு அளவே இல்லையா? அந்த மனுஷன் நடுங்கறான், பாரு."

மித்ரி நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். கோட்டு நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. இருமல் வந்தபோது வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டான், அது ஓய நேரமாயிற்று. பிறகு பலாகாவின் பக்கத்தில் வந்து குனிந்து மெல்லச் சொன்னான், "நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடேன் பலாகா. அதுக்கு அதுதான் தெரியும்."

பலாகா தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள். இரோ கார்ரினாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய தலை, அதன் மேல் ஹில்மா கொடுத்த பழைய தொப்பி. கார்ரினா இப்போதுதான், இந்த வாரம்தான், அவளைத் தன் பக்கத்தில் நிற்க விட்டிருக்கிறாள். இரோ தாயைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அந்த வார்த்தை பலாகாவின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. "கிஸ்ஸா," என்றாள் மறுபடியும். கிண்ணத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். "கிஸ்ஸா."

எத்தனை நேரம் அப்படிக் கூப்பிட்டாளோ. பூனை முன்னங்கால்களை மடக்கி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சரி, நானே முதலில் உள்ளே போய்விடுகிறேன் என்று பலாகா கிண்ணத்தைக் கீழே வைத்து எழுந்தாள். குந்தியே இருந்ததில் கால் மரத்திருந்தது. அவள் ஒரு எட்டு வைப்பதற்குள் மித்ரி அவளைக் கையால் ஒதுக்கினான்.

"உனக்கென்ன அவசரம்? வரிசையில நான்தானே முன்னாடி நிக்கறேன்," என்றான். பூட்ஸை வாசற்படியில் நன்றாகத் துடைத்தான். புது வீடு அழுக்காகக் கூடாது என்று அந்த நேரத்திலும் நினைத்திருக்கிறான் பாருங்கள். பிறகு உள்ளே போனான்.

பனி உருகி முடிவதற்குள் அவனைப் பலகையில் கிடத்தி அதே வாசற்படி வழியாக வெளியே கொண்டுபோனார்கள். டாக்டர் நுரையீரல் என்றார். மழையில் நின்றதும் ஒரு காரணம் என்றார். பலாகா சரி என்று தலையாட்டினாள். அவளுக்குக் காரணம் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்கிற மாதிரி இல்லை. பூனை குளிர்காலம் முழுக்க முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த புதுக் கொட்டிலில்தான் இருந்தது, வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பலாகா அதற்குப் பால் ஊற்றினாள். ஆனால் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

புதைத்துவிட்டு வந்த அன்று வீட்டில் ரை மாவு அடையும் சிக்கரித் தண்ணியும் வைத்திருந்தார்கள். ஹில்மா கார்ரினாவோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுக் கோதுமை ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். அன்றைக்கு அவள் வாய் அடங்கித்தான் இருந்தது. கொட்டில் வாசலில் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இரோ எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொடுக்க அவளிடம் வேறு என்ன இருந்தது? கார்ரினா பார்த்துக்கொண்டிருக்க, எல்லார் காதிலும் விழும்படி, உரக்கக் கூப்பிட்டாள்.

"கஜி. கஜி, வா."

பூனை தலையைத் தூக்கியது. எழுந்து சோம்பல் முறித்தது. வாலை நிமிர்த்திக்கொண்டு ஈர முற்றத்தைக் கடந்து, வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தது.

"அடடே," என்றாள் ஹில்மா, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். "அன்னிக்கே இப்படிக் கூப்பிட்டிருக்கலாமே."

இரோ கதவைப் பிடித்தபடியே நின்றாள். மெல்லத் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா. அன்னிக்கும் வந்திருக்குமாம்மா?"

பலாகா கையிலிருந்த கோப்பையை மேஜையில் வைத்தாள். மகளுக்கு இன்னும் முடி காதைத் தாண்டி வளரவில்லை.

"வந்திருக்காதுடி," என்றாள். "அன்னிக்கு மழை பெஞ்சுதில்ல. மழையில எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பூனை வராது. கதவைச் சாத்திட்டு வா, குளிருது."