யாங்ஜினின் மூச்சு

எவரெஸ்ட் உச்சியில் எட்டு முறை நின்ற மனிதர், கையில் சாங் கள்ளோடு காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால் எவனுக்குத்தான் தலை கனக்காது? மலையேற்றக் குழுக்களுக்கு ஆள் சேர்ப்பது என் பிழைப்பு. ஓங்சு அண்ணனைத் தேடி நாங்கள்தான் போவோமே தவிர, அவர் யாரையும் தேடி வந்ததில்லை.

ஷெர்பா ஒருவர் சாங் கொண்டுவந்து ஊற்றினால், பின்னால் ஒரு வேண்டுகோள் இருக்கும். வழக்கப்படி ஊற்றும் மூன்று கிண்ணமும் குடித்துவிட்டால் மறுக்க முடியாது. அதனால் புத்தியுள்ளவன் முதலில் விஷயத்தைக் கேட்பான். நாம்சே சந்தையில் வளர்ந்தவன் நான், தட்டிப் பார்க்காமல் ஒரு முட்டைக்கோஸ்கூட வாங்கியதில்லை. அன்று கேட்காமலே குடித்தேன். கேட்க என்ன இருக்கிறது? அவர் மகள் யாங்ஜின் வசந்தகாலக் குழுவில் இடம் கேட்டிருந்தாள். சிபாரிசுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது கிண்ணம் காலியானதும் சொன்னார். "யாங்ஜின் பேரை எடுத்துடு, நவாங்."

"என்னண்ணே இது, பயிற்சியில அவதான் முதல்."

"தெரியும்."

"இரண்டாவது முகாம் வரைக்கும் போகட்டுமே?"

"வேண்டாம்."

"அடிவார முகாம்? சமையல் கூடாரத்தைப் பாத்துக்கட்டும்."

"என் பொண்ணு கீழ உக்காந்து உருளைக்கிழங்கு உரிப்பாளா? பேரம் பேசாத." கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "அவ தனியா ஏற மாட்டாடா. என் பேரு பின்னால நின்னு தள்ளிக்கிட்டே போகும். திரும்ப வேண்டிய இடத்துல திரும்ப விடாது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத, கோவத்துல வேற குழுவோட போயிடுவா."

அவளிடம் சொல்ல ஒரு பொய் தேவைப்பட்டது. கையில் கிடைத்ததை எடுத்தேன்.

"உனக்கு மூச்சு பத்தலையாம்மா. பரிசோதனை பண்ணவங்க சொல்றாங்க."

"யாருக்கு, எனக்கா? போன மாசம் ஏத்தத்துல உங்களைத் தூக்காத குறையா இழுத்துட்டு வந்தது யாரு மாமா?"

"பழக்கம் வேற, உயரம் வேற. மேல போனா தெரியுமாம்."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பதினோரு குழுவை ஏற்றி இறக்கியவன் சொல்கிறேன் என்று நம்பிவிட்டாள். அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

அந்த வசந்தத்தில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. போனவர்கள் அத்தனை பேரும் பனியில் ஒரு நகம்கூடக் கறுக்காமல் திரும்பினார்கள். யாங்ஜின் வேறு எந்தக் குழுவிலும் கேட்கவில்லை. கீழே நகரத்தில், பௌதாவில், ஒரு விமான டிக்கெட் கடையில் வேலைக்கு உட்கார்ந்தாள்.

மூன்று வருஷம் கழித்து, போன வாரம் அந்தக் கடைக்குப் போனேன். நாலாவது மாடி. கீழே தேநீர் வாங்க வந்தவள் என்னோடு ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். மூச்சு வாங்கியது எனக்கு, அவளுக்கில்லை.

"மெதுவா மாமா. எனக்கு ஒத்துக்காது."

இனி தாங்காது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அதற்குள். "என் மூச்சு விஷயம் அப்பா காதுக்குப் போகக்கூடாது. 'மலைன்னா பயமா இருக்கு, நானே விட்டுட்டேன்'னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். தன் பொண்ணு பிறவியிலேயே இப்படின்னு தெரிஞ்சா அவர் உடைஞ்சு போயிடுவார்."

"சரிம்மா," என்றேன்.

மீதிப் படிகளை அவளுக்காக மெதுவாக ஏறினேன்.