ரொட்டி தின்று வளர்ந்த கலைமான்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஹட்னே. பெரியப்பா மகள். புருஷன் செத்தபின் தூந்திராவில் தனிக் கூடாரம் போட்டிருப்பவள். அவள் சொல்லச் சொல்லவே நான் மனசுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன். வெட்கங்கெட்ட பிழைப்பு, என்ன செய்ய!

முதல் வரி: "வெள்ளைப் போர்வை போர்த்திய தூந்திராவில்..."

சீ. இங்கே பிறந்தவள் எவளும் பனியைப் போர்வை என்று சொல்ல மாட்டாள். அடித்துவிட்டேன்.

2

பனி கொட்ட வேண்டிய மாதத்தில் மழை கொட்டியது. மறுநாளே குளிர் திரும்பி, பனியின்மேல் கெட்டியாக ஐஸ் பிடித்துக்கொண்டது. அடியில் அவை தின்னும் பாசி இருக்கிறது. கலைமான்கள் குளம்பால் எவ்வளவு தட்டியும் எட்டவில்லை. (முன்பெல்லாம் நவம்பரில் மழை என்பதே... வேண்டாம். அந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதட்டும்.)

ஹட்னேயின் கொழுந்தன் எதெய்கோ மந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டான். தெற்கே குள்ள வில்லோப் புதர்கள் வரை போனால் பிழைத்துக்கொள்ளும். எல்லாம் போயின. ஒன்று மட்டும் கூடார வாசலில் நின்றது.

அது அவ்கா.*

"அண்ணி, வீட்டோட மாப்பிள்ளையால்ல வளர்த்து வச்சிருக்கீங்க! பனியத் தோண்டுடான்னா வாசல்ல வந்து ரொட்டி கேக்குறான்."

"வாய மூடுடா. நீ மட்டும் என்ன, கல்யாணம் ஆகுறவரைக்கும் என் கையாலதான தின்ன?"

எதெய்கோ சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்தினான்.

"வெளையாட்டு இல்ல அண்ணி. மாவு தீரப்போவுது. இங்க நின்னா செத்துரும். அடிச்சு வெரட்டுங்க, மந்தை இன்னும் தூரம் போகல."

"நீயே அடியேன்."

"நான் அடிச்சா உங்ககிட்டதான ஓடிவரும்?"

* தாய் செத்த கன்றைக் கூடாரத்துக்குள் ரொட்டி கொடுத்து வளர்த்தால் அதற்கு அவ்கா என்று பேர். எங்கள் குடும்பத்தில் அதை அறுப்பதில்லை. ஹட்னே செய்த தப்பு, கன்றுப் பருவம் தாண்டியும் ரொட்டியை நிறுத்தாதது.

3

இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். கதைக்கு வசதி. அவள் அழவில்லையாம்.

எதெய்கோ மந்தைக்குப் பின்னால் போய்விட்டான். கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு நரித்தடம்கூட இல்லை. ராத்திரியெல்லாம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க அந்தக் கூடாரத்தில் இருந்த ஒரே உயிர் அதுதான். தனிமை அவளைத் தின்றது என்று நேராகவே எழுதிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன்?

சறுக்கு வண்டி ஓட்டும் நீளக் கழியைக் கையில் எடுத்தாள். அவ்கா வந்து அவள் சட்டைக் கைக்குள் மூக்கை விட்டு ரொட்டி தேடியது.

4

முடிவு, ஒன்று: அடித்தாள். ஓடியது. மேட்டின்மேல் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு மந்தையோடு சேர்ந்தது.

முடிவு, இரண்டு: கழியைப் போட்டுவிட்டுக் கடைசி மாவைப் பிசைந்தாள். தின்று முடித்துத் தலை தூக்கி, இன்னும் வரும் என்று அவளையே பார்த்தது.

"நிஜத்துல என்னதான் ஆச்சுக்கா?" என்று கேட்டேன்.

"நீதான எழுதுற, எப்படி வேணா முடிச்சுக்கோடி. அடிச்சேன்னு எழுது, அடிக்கலன்னு எழுது. அது என்னப் பாத்துச்சுன்னு மட்டும் எழுதாத."

இரண்டு முடிவிலும் அந்த வரியை அடித்துப் பார்த்தேன். மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை. கழி அவள் கையில் இருக்கிறது, மந்தை போய்க்கொண்டிருக்கிறது. முடிந்தால் நீங்கள் எழுதுங்கள், அது அவளைப் பார்க்காமல்.