ஐஸ் வண்டிக்கு ஒரு லேபிள்

ஐஸ் பக்கெட்டிலிருந்து பாட்டிலை எடுத்தபோது லேபிளின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. பிளெஸ்ஸி கட்டைவிரலால் அமுக்கினாள். படிந்தது. விரலை எடுத்ததும் மறுபடி எழுந்தது.

கட்டுமாவடியிலிருந்து மீன் வண்டி புறப்படும் நேரம். ஊறுகாய் அதில்தான் திருச்சிக்குப் போகிறது, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே சொருகி. போன வாரம் அப்படிப் போனதில் காகித லேபிள்கள் ஊறி, அட்டைப்பெட்டியின் அடியில் கூழாகக் கிடந்தன. எது இறால், எது பூண்டு என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே சிவப்பு.

கடைக்காரர் போனில் சத்தம் போடவில்லை. "சைவம் சாப்பிடுறவங்க வீட்டுக்கு இறால் போனா நான் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதாம்மா. இன்னொரு தடவை அனுப்புங்க. ஒரு பாட்டில் பேரில்லாம வந்தாலும் அதோட முடிஞ்சுது" என்றார்.

அப்படி முடிந்துபோனால் அடி அண்ணி ஷர்லிக்குத்தான். இந்த ஊறுகாயை நம்பி இறால் உரிக்கும் கொட்டகை வேலையை விட்டு வந்தவள். காகித லேபிள்தான் வீட்டில் செய்தது மாதிரி இருக்கும் என்று சொன்னவளோ பிளெஸ்ஸி.

அதனால் இந்தத் தடவை அவள் எதையும் நம்பவில்லை, தன்னையும் சேர்த்து. புதுக்கோட்டை அச்சகத்தில் மாதிரிகள் வாங்கிவந்தாள்: பளபளப்புப் பூச்சுள்ள காகிதம், பிளாஸ்டிக் ஸ்டிக்கர், சூடு காட்டினால் பாட்டிலைச் சுற்றி இறுகும் உறை. மூன்றையும் புதுப் பாட்டில்களில் போட்டு ஐஸில் புதைத்தாள். பூச்சிருந்தும் காகிதத்தின் வெட்டு விளிம்பில் தண்ணீர் ஏறியது. உறை நன்றாக நின்றது, ஆனால் சூடு காட்டும் கருவிக்கு எங்கே போவது. பிளாஸ்டிக் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டியும் எடுக்க முடியவில்லை. அதையே அடிக்கச் சொன்னாள்.

இப்போது அதே ஸ்டிக்கர்தான் எழுந்து நிற்கிறது.

"என்ன புள்ள, மூஞ்சி செத்துப் போச்சு?" என்றாள் ஷர்லி, மடியில் பாட்டிலை வைத்துத் துடைத்தபடி.

"லேபிள் தூக்குது அண்ணி."

"ஓரந்தான, அமுக்கி விடு. ஒன் கண்ணுக்கு மட்டும் எப்பிடித்தான் இதெல்லாம் தெரியுதோ."

வாசலில் ஹார்ன் சத்தம். "ஊறுகாய் வருதா தங்கச்சி, நான் வெறும் மீனோட கெளம்பவா? அங்கிட்டு ஐஸ் உருகுது, இங்கிட்டு நான் உருகுறேன்" என்றான் வண்டியோட்டி உதயசூரியன்.

ஐஸ் அதே ஐஸ், ஸ்டிக்கர் அதே ஸ்டிக்கர். மறுபடியும் தப்பானதைத்தான் தேர்ந்தெடுத்துவிட்டோமோ? லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலைப் பிளெஸ்ஸி எடுத்தாள். கைக்குள் வழுக்கியது. மோந்து பார்த்தாள். நல்லெண்ணெய்.

"அண்ணி, எண்ணெயாலயா தொடைக்கிறீங்க?"

"பின்ன? வெறுந்துணி போட்டா கண்ணாடி மங்கலாத்தான் தெரியும். தாளிச்சது போக மிச்ச எண்ணெய்தான், அதுல ஒரு இழுப்பு. எப்பிடி மின்னுது பாரு."

பிளெஸ்ஸி சோதித்தவை பெட்டியிலிருந்து நேராக எடுத்த பாட்டில்கள். அண்ணியின் கை படாதவை.

"தப்பு என்மேலதான். ஒங்க பாட்டில்ல ஒட்டிப் பாக்காம விட்டுட்டேன்" என்றாள். "பூண்டுல எல்லாத்துலயும் ஒட்டியாச்சு, உரிச்சுக் கழுவ நேரமில்ல, அது போக வேணாம். இறால்ல பாதிக்கு இன்னும் ஒட்டல. அத மட்டும் கழுவி ஒட்டி அனுப்புவோம்."

"வேணாங்குறது சுலபம். பூண்டு உரிச்சு எனக்கு நகக்கண்ணெல்லாம் எரியுது." ஷர்லி துணியைக் கீழே வைக்கவில்லை. "இறால்ல பேரு நின்னா போதும்ல? பேரில்லாததெல்லாம் பூண்டுன்னு போன்ல சொல்லிருவோம்."

அது சரியாகத்தான் பட்டது. பிளெஸ்ஸி சரி என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"கடைக்காரர்ட்ட சொல்லலாம் அண்ணி. வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல யாரு போய்ச் சொல்றது?"

ஷர்லி துணியை மூலையில் எறிந்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைக்கப் போனாள்.

சோப்புத் தண்ணீரில் ஒருத்தி கழுவ, இன்னொருத்தி ஈரம் போகத் துடைத்து ஒட்டினாள். ஹார்ன் அடித்து அலுத்த உதயசூரியன் உள்ளே வந்து ஒரு பாட்டிலைத் தூக்கப்போனான்.

"தொடாதீங்கண்ணே, கையெல்லாம் மீன் எண்ணெய்."

"இந்தக் கையாலதான் எனக்குச் சோறே" என்றவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பிளெஸ்ஸி கடைக்குப் போன் செய்தாள். இறால் மட்டும்தான் வரும், அதுவும் பாதிதான் என்றாள். "வரட்டும், பாப்போம்" என்று கடைக்காரர் வைத்துவிட்டார்.

ஒரு பாட்டிலை மட்டும் ஐஸுக்குள்ளேயே புதைக்கச் சொல்லி உதயசூரியனிடம் கொடுத்தாள். "கீரனூர்ல டீ குடிக்க நிப்பீங்கள்ல, அப்ப எடுத்து ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே."

வண்டி போனபின் ஷர்லி பூண்டுப் பாட்டில்களிலிருந்து லேபிள்களை உரித்துக்கொண்டிருந்தாள். இழுத்த இழுப்புக்கு அவை சுலபமாக வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் பிளெஸ்ஸி போனைப் பார்த்தாள். கழுவியது போதுமா? ஈரம் காய்ந்ததா? பாதிக்கு ஆசைப்பட்டது தப்போ, அதையும் நிறுத்தியிருக்கலாமோ?

போன் அதிர்ந்தது. அதை ஷர்லிதான் முதலில் எடுத்தாள். ஐஸ் தண்ணீர் சொட்டும் பாட்டில், பெயரின்மேல் ஒரு மீன் செதில். ஷர்லி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்த்தாள்.

"நாலு பக்கமும் ஒட்டியிருக்கா அண்ணி?"

"இருக்கு." போனைத் திருப்பித் தந்தாள். "அந்தப் பூண்டப் பூராவும் இங்கிட்டுத் தள்ளு. கழுவ மறுபடி வெந்நி வைக்கிறேன்."