மூன்று பல்புகளோடு போடிமெட்டுக்கு

ராம்பிரசாத் போட்ட முடிச்சு அவிழ்ந்த காலையில், முதல் ஏலக்காய் முதலாளியின் டீ டம்ளருக்குள் விழுந்தது. இரண்டாவது அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அதற்கப்புறம் எண்ண யாருக்கும் நேரமில்லை. பாக்கெட் போடும் மெஷின் வெறிபிடித்துச் சுற்றி, கல்யாண வீட்டு அட்சதை மாதிரி கடை முழுக்க ஏலக்காயை வாரி இறைத்தது.

"ஆஃப் பண்ணுப்பா!" என்று முதலாளி ஜெபமணி அண்ணாச்சி கத்தினார்.

ராம்பிரசாத் பாய்ந்து போய் ஃபேன் சுவிட்சை அணைத்தான். மெயினை அணைத்தது மெஷினில் பாக்கெட் பிடிக்கும் மகாதான்.

குற்றவாளியைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அந்த மெஷினை ஓட்டுவது ஒரு சர்வோ மோட்டார். எவ்வளவு சுற்றினோம், இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை ஒரு மெல்லிய கேபிள் வழியாகக் கன்ட்ரோல் பெட்டிக்கு அது சொல்லிக்கொண்டே இருக்கும். மெஷின் ஆடுகிற ஆட்டத்தில் அந்தக் கேபிளின் பிளக் அடிக்கடி கழன்றது. அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ராம்பிரசாத், போடியில் பிறந்தவனுக்கு என்ன தோன்றுமோ அதைச் செய்தான். ஏலக்காய் மூட்டையின் வாயைக் கட்டும் அதே சணல் முடிச்சைப் பிளக்குக்கும் போட்டான். மூட்டை ஒரு மூலையில் சும்மா கிடக்கும், மெஷின் அப்படிக் கிடக்காது என்பது அந்த நேரத்தில் அவன் புத்திக்கு எட்டவில்லை. சணல் தளர்ந்தது. பிளக் பாதி கழன்றது. எங்கே இருக்கிறோம் என்பதே மோட்டாருக்கு மறந்துபோனது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் பாக்கெட்டின் வாயை ஒட்டும் சூடான தாடையையும் அதே மோட்டார்தான் இயக்குகிறது. அது நேரங்கெட்ட நேரத்தில் மூடியபோது, அடியில் பாக்கெட்டைப் பிடித்திருந்தது மகா. மகா அவன் மனைவி. கையை இழுத்துக்கொண்டாள். பாக்கெட்டின் மூலை மட்டும் கருகியது.

மறுநாள் பிளக்கைச் செருகி டேப் சுற்றி, மெஷினை மெதுவாக ஓட்டினார்கள். மகா வீட்டிலிருந்து அடுப்படி இடுக்கியைக் கொண்டுவந்திருந்தாள். பாக்கெட்டை அதால் பிடித்து எட்ட நின்று நீட்டினாள்.

"ஏன் புள்ள, பயமா இருக்கா?"

"கை வேர்க்குது மாமா. பாக்கெட்டு வழுக்குது."

வீட்டுக்குப் போயும் கேட்டான்.

"பயந்துட்டியா மகா?"

"ரசத்துக்கு உப்புப் போதுமா பாருங்க."

"அதில்ல, நேத்து மெஷினு..."

"போதுமா, போதாதா?"

போதும்தான். அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். திட்டு வாங்குவதில் அவனுக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் தான் இழுத்த ஒயருக்குக் கீழே கை வைக்கத் தன் மனைவியே யோசிக்கிறாள், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டேன் என்கிறாள். அதை எந்த டேப்பைச் சுற்றி ஒட்டுவது?

பெத்துராஜின் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனான்.

"நல்ல கனெக்டரா குடுங்கண்ணே. கழறவே கூடாது."

"எல்லாமே நல்லதுதான் மாப்ளே. கெட்டதுன்னு எழுதி வச்சா விக்கிறேன்?"

மேஜையில் மூன்றைப் பரப்பினார். அழுத்திச் செருகும் வெள்ளை பிளாஸ்டிக் ஒன்று. கொக்கி விழுந்து பிடித்துக்கொள்வது ஒன்று. மூன்றாவது உருண்டையாக, உலோகத்தில் இருந்தது. செருகியபின் வளையத்தைத் திருகிப் பூட்ட வேண்டும். ஈரம் போகாமல் உள்ளே ரப்பர் உண்டு. கேபிளைக் கவ்விப் பிடிக்க முதுகில் ஒரு பிடிப்பான்.

"இதுல எது ஆட்டத்துக்குத் தாங்கும்?"

"எல்லாம் தாங்கும்னு கம்பெனிக்காரன் சொல்றான். நான் கூடப் போயா பாத்தேன்?"

அப்போதுதான் ராம்பிரசாத்துக்கு, ஏறுகிறவர்களை உலுக்கி எடுக்கும் போடிமெட்டு மலை ரோடு ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகா மேலே எஸ்டேட்டில் இருக்கும் அக்கா சூர்யகலாவைப் பார்க்கக் கிளம்பினாள். ராம்பிரசாத்தும் ஒரு பலகையோடு ஜீப்பில் ஏறினான். பலகையில் மூன்று கனெக்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி பல்பு, ஒரு பேட்டரி. இணைப்பு விட்டால் பல்பு அணையும்.

"என்ன மாப்ளே, ஜீப்புக்கு சீரியல் செட்டா?" என்றார் டிரைவர் வெள்ளைத்துரை.

"டெஸ்டிங்குண்ணே. ஆட்டத்துக்குக் கழறுதான்னு பாக்கணும்."

"இந்த ரோட்டுல மனுசனே கழண்டுருவான். ஏறு, ஏறு."

பலகையை மகா மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். மலையடிவாரத்து முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வெள்ளை பிளாஸ்டிக் பல்பு கண்ணை மூடியது. கொக்கிக்காரன் வெகுதூரம் தாக்குப்பிடித்தான். எஸ்டேட்டுக்குப் போகும் செல்லக்கிளியின் அரிசி மூட்டை சரிந்து ஒயரை இழுத்ததும் அவனும் போனான். கொக்கி விடவில்லை, ஒயர்தான் கனெக்டருக்குள் இருக்கும் ஊசி போன்ற பின்னிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"எம் மூட்ட மேல பழியப் போடாத தம்பி" என்றாள் செல்லக்கிளி. "ஒயரு உன்னுது."

அதே மூட்டை உருண்டையின் கேபிளையும்தான் இழுத்தது. முதுகுப் பிடிப்பான் விடவில்லை. மெட்டில் மூடுபனி இறங்கிப் பலகையெல்லாம் நனைந்தது. அப்போதும் அந்த பல்பு எரிந்தது. ராம்பிரசாத் இமயத்தில் கொடி நட்டவன் போலச் சுற்றிலும் பார்த்தான். யாரும் கைதட்டவில்லை.

மாலையில் இறங்கி வரும்போது அது மினுக்கியது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

மகா அவனைப் பார்த்தாள். பேட்டரி வீக் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. ஜீப்பை ஓரங்கட்டச் சொல்லி, வளையத்தைத் திருகிக் கழற்றினான். பூட்டு பத்திரமாக இருந்தது. உள்ளே பின்னில் அவன் பற்றவைத்துக் குவித்திருந்த ஈயத்தின் விளிம்பில், ஒயர் ஒடிந்து தொட்டும் தொடாமலும் நின்றது.

"கனெக்டரு சரியாத்தான் இருக்கு" என்றான் மெதுவாக. "நான் பத்த வச்சதுதான் சரியில்ல. அன்னைக்கும் என் முடிச்சுதான்."

"அப்ப மாத்த வேண்டியது ஒன்னையத்தான் மாப்ளே" என்றார் வெள்ளைத்துரை.

மகா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை பெத்துராஜிடம் பின்னை அழுத்திக் கடிக்க வைக்கும் கிரிம்பிங் கருவியை இரவல் வாங்கினான். ஈயத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு ஒயரையும் பின்னோடு சேர்த்துக் கடிக்க வைத்து, இழுத்து இழுத்துப் பார்த்தான். உருண்டையைத் திருகிப் பூட்டினான். கேபிளை மோட்டாரின் கரண்ட் ஒயரோடு சேர்க்காமல் தனியாகக் கொண்டுபோய், மெஷினின் சட்டத்தில் பிடிப்பு வைத்து இறுக்கினான். மத்தியானம் வரை மெஷினைச் சும்மாவே ஓடவிட்டான். அண்ணாச்சி டீ டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தார்.

பிறகு ராம்பிரசாத் தாடைக்கு அடியில் தானே கையை நீட்டி, பாக்கெட்டுகளைப் பிடித்தான். எல்லாம் ஒழுங்காக ஒட்டி வந்தன. மகா பக்கத்தில் வந்து நின்றாள். மெஷினை நிறுத்திவிட்டு, வேறு ஒரு வார்த்தையும் சேர்க்காமல் கேட்டான்.

"பயமா இருக்கா மகா?"

அவள் கனெக்டரைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

"இருக்கு மாமா. ரொம்ப இருக்கு. அன்னைக்கு வெரலத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுத்தான் படுத்தேன். சொன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு சொல்லல. இந்த வாரம் பூரா நீங்களே பாக்கெட்டப் புடிங்க, நான் காய் கொட்டுறேன். பயம் போனதும் நானே சொல்றேன்."