சந்திரமோகன் கடை லிஃப்டின் மெயின் சுவிட்ச்

ஆரணியில் சந்திரமோகனின் பட்டுக் கடை லிஃப்ட், போன ஆவணி பத்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு, மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் ஓடியது. அணைத்தவர் லைசென்ஸ் புதுப்பிக்க வந்த ஆய்வாளர் முருகேசன். மொட்டைமாடி மெஷின் ரூமில் ரப்பர் பாய், அபாயப் பலகை, தீயணைப்பான், இரண்டு எர்த் கம்பி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியில் சுவிட்சை இறக்கினார். மோட்டார் அதுபாட்டுக்குச் சுற்றியது. மறுபடி ஏற்றி இறக்கினார், அப்போதும் சுற்றியது. ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களிலும் அந்த லிஃப்ட் ஓடியதுதான். இன்வெர்ட்டர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கடையில் இன்வெர்ட்டரே கிடையாது. நம் ஊரில் ஒன்று நின்றால்தான் ஏன் என்று கேட்பார்கள், ஓடினால் யார் கேட்கிறார்கள்?

"நிறுத்தினா நிக்கணும், அவ்ளோதான் ரூல். பதினஞ்சு நாள் டைம். நிக்கலன்னா சீல்" என்று சொல்லிவிட்டு முருகேசன் படியில் இறங்கிப் போனார்.

சீல் வைத்தால் போவது சோபியாவின் வேலை. நாலாவது மாடி முகூர்த்தப் புடவைப் பிரிவில் பன்னிரண்டு வருஷமாக இருப்பவள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது, படி ஏற முடியாது. "லிஃப்ட் இல்லன்னா மேல வேற ஆள போட வேண்டியதுதான்" என்று முதலாளி சந்திரமோகன் அவள் காதுபடவே சொன்னார். பாவி மனுஷன், சொல்லிவிட்டு டீ வேறு குடித்தார்.

கோளாறு எங்கே என்று அவள் புருஷன் கிளமெண்டுக்குத் தெரியும். கடையின் ஒயர்மேன் அவன்தான். முந்தின வருஷம் லிஃப்டில் எலி கடித்த ஒயர்களை உருவி எறிந்துவிட்டு முழு ஒயராக இழுத்திருக்க வேண்டும். குழாய்க்குள் ஒரு இணைப்புகூட இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அவன் முள்ளிப்பட்டுக்காரன். அங்கே தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்தால் பழைய இழையை யாரும் உருவி எறிவதில்லை. அதன் முனையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள், ஆயிரக்கணக்கில். அந்தப் பழக்கத்தில் பழைய ஒயரையும் புது ஒயரையும் கட்டாகக் கட்டி வீட்டுக்கே தூக்கிப் போய்விட்டான். கல்யாணத்துக்கு முன் பாவு பிணைத்த சோபியா, எண்பத்து நாலு செம்பு முனைகளையும் அதேபோல் சாம்பல் தொட்டுப் பிணைத்துக் கொடுத்தாள்.

ஆய்வாளர் போன நிமிஷத்திலிருந்து லிஃப்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரும் அழைக்காமலே ஏறியது, இறங்கியது, கதவைத் திறந்து மூடியது. கிளமெண்ட் ஃபியூஸைப் பிடுங்கினான், வேகம் கூடியது. கம்பத்திலிருந்து வரும் இணைப்பையே கழற்றினான், இன்னும் கூடியது. பிணைப்பை வெட்டலாம் என்று குழாயைத் திறந்தால், எது பிணைப்பு என்றே தெரியவில்லை, முழு ஒயராகக் கிடந்தது. உருவினான், அசையவில்லை. சந்திரமோகன் நாற்காலியில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தார். கிளமெண்ட் சோற்றில் வைத்த கையோடு மாடிக்கு ஓடினான். பதிமூன்றாம் நாள், தேசூரிலிருந்து வந்த கல்யாணப் பெண் அந்தச் சத்தத்தில் தலை சுற்றி உட்கார்ந்தபோது சோபியாவுக்குப் பொறுக்கவில்லை.

"சீ, இன்னா பேஜாரு! கொஞ்ச நேரம் சும்மா நில்லேன்!" என்று கத்தினாள்.

நின்றது. "போ" என்றாள். போனது. வேறு யார் கத்தியும் கேட்கவில்லை, பிணைத்தவள் சொன்னால்தான் கேட்டது.

முருகேசன் வந்து ஆறு முறை சோதித்தார். "சரி, மெயின் சுவிட்ச் இவங்கதான். ஆனா சுவிட்ச் மெஷின் ரூம் வாசல்ல, கை எட்ற தூரத்துல இருக்கணும்" என்றார். சந்திரமோகன் உடனே மொட்டைமாடிக்கு ஒரு நாற்காலியும் குடையும் போடச் சொன்னார். தன்னை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிப் போவதை நினைத்தே சோபியாவுக்கு உடம்பு கூசியது.

"ஒத்துக்கோயேன் சோபி, வேலையாவது நிலைக்கும்" என்றான் கிளமெண்ட்.

"பன்னண்டு வருஷமா பொண்ணுங்களுக்கு முகூர்த்தப் பொடவ கட்டிக் காட்டிகினு கீறேன். வெயில்ல போயி சுவிட்ச்சா குந்தச் சொல்றியா? எடத்த உட்டு அசைய மாட்டேன். வேணும்னா அது வரட்டும்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை கடை திறந்தபோது மெஷின் ரூம் நாலாவது மாடியில், அவள் உட்காரும் முக்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. கதவு, பூட்டு, ரப்பர் பாய், அபாயப் பலகை, எதுவும் குறையவில்லை. எர்த் கம்பி இரண்டும் கூடவே நீண்டு வந்திருந்தன. சந்திரமோகன் இரண்டு அலமாரிகளை நகர்த்தி இடம் விட்டார், வேறென்ன செய்வார். முருகேசன் கதவிலிருந்து முக்காலிவரை டேப் பிடித்து அளந்தார். இரண்டடி. படிவத்தில் மெயின் சுவிட்சுக்கு நேராக "சோபியா, நல்ல நிலை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மெயின் சுவிட்ச் அதன் இடத்தில் இல்லாதபோது லிஃப்டை ஓட்டக் கூடாது என்பதும் விதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சோபியா சர்ச்சுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு மத்தியானம் வரை சந்திரமோகன் நாலு மாடியும் படியில்தான் ஏறுகிறார்.