அயர்லாந்துக்காரன் சொன்ன சட்டம்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில் பாலேந்திராவோடு வேலைசெய்யும் அயர்லாந்துக்காரன் ஓவன், தன் குக்கிராமத்து வழக்கமொன்றைச் சொன்னான். கோடையில் ஐரிஷ் மொழி படிக்க வரும் பிள்ளை ஆங்கிலம் கதைத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

பாலேந்திராவுக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போனது. "இனி டெனிஷ் கதைக்கிற ஆள் வெளியில" என்று வீட்டில் அறிவித்தார். எதற்கும் டெனிஷிலேயே பதில் சொல்லும் மகள் சாரங்கி அன்றோடு வாயை மூடிக்கொண்டாள்.

"அரைகுறைத் தமிழெண்டாலும் தா பிள்ளை" என்று பேரம் பேசிப் பார்த்தார். படியவில்லை.

ஒரு கிழமை போனது. வேலையால் வந்தவர் சப்பாத்தோடு கதிரையில் விழுந்து, களைத்துப்போனேன் என்று டெனிஷிலேயே முனகினார்.

சாரங்கி கதவைத் திறந்து பிடித்தாள். "வெளிக்கிடுங்கோ அப்பா."

"மழை பெய்யுது பிள்ளை."

"குடை கிடக்கு."

எழும்பத் தெம்பில்லாவிட்டாலும், மகளின் வாயிலிருந்து இன்னுமொரு தமிழ்ச் சொல் கேட்கும் ஆசை விடவில்லை. "எங்கை கிடக்கு?" என்று கேட்டார்.