அணையாத டார்ச்

சலீமா டீச்சருக்கு அன்று பாடம் நடத்தவே மனமில்லை. கொட்டச்சேடு எஸ்டேட்டின் பழைய கிணற்றை ஒரு வருடம் கழித்துத் திறக்கிறார்கள். தூர் வார இறங்கப்போவது முன்பெஞ்சு செல்வியின் அப்பா பெரியண்ணன். போன கோடையில் அதே கிணற்றில், தவறி விழுந்த ஆட்டுக்குட்டியை எடுக்க இறங்கிய சலீமாவின் கணவர் சிக்கந்தரைப் பிணமாகத்தான் கொக்கி போட்டு இழுத்தார்கள்.

இறங்குமுன் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது அங்கே வழக்கம். அணைந்துவிட்டால் யாரும் இறங்கமாட்டார்கள். சிக்கந்தர் அவசரத்துக்குத் தன் கடை டார்ச்சைக் கட்டி இறக்கினார். அது அணையவே இல்லை, பிணத்துக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டே கிடந்தது. முனி அடித்துவிட்டது என்றது ஊர். ஜின் என்றார் மாமியார். ரசாயனம் படித்த சலீமாவும் வாயை மூடிக்கொண்டு நம்பினாள். கண்ணை மூடினால் அந்த வெளிச்சம்தான்.

மேகம் இறங்கி ஆய்வகம் இருட்டிக் கிடந்தது. ஜாடிக்குள் மெழுகுவத்தியை ஏற்றி, குடுவையிலிருந்த சுண்ணாம்புக்கல் மேல் அமிலம் ஊற்றினாள். நுரைத்துப் பொங்கிற்று. இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும் என்று பத்து வருடமாகச் சொல்வதையே சொன்னாள். குழாய் வழியே வாயு ஜாடிக்குள் இறங்க, சுடர் குறுகி அணைந்தது.

சரியாகத் தெரியவில்லை என்று செல்வி மேசையிலிருந்த டார்ச்சை ஜாடிக்குள்ளேயே விட்டாள். செத்த மெழுகுவத்திக்குப் பக்கத்தில் டார்ச் பளிச்சென்று எரிந்தது. சலீமா செல்வியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"உங்கப்பா கெணத்துல எதைக் கட்டி உடறாரு கண்ணு?"

"டார்ச்சுதானுங்க டீச்சர். ஓனரு புதுசா வாங்கிக் குடுத்தாருங்க."

சலீமா காப்பிச் செடிகளுக்குள் விழுந்தடித்து ஓடினாள். பெரியண்ணன் ஒரு காலை உள்ளே போட்டுவிட்டிருந்தார். அடியில் டார்ச் அழகாக எரிந்தது. அவரை வெளியே இழுத்துவிட்டு, லாந்தரைக் கொளுத்தி இறக்கச் சொன்னாள். பாதிக் கிணறு இறங்குவதற்குள் அது அணைந்துபோயிற்று.

பெரியண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப முனி இல்லைங்களா?"

"இல்லைங்க. கெட்ட காத்துங்க. டார்ச்சு எரியறதுக்குக் காத்தே வேண்டாமுங்க."

ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் நடத்திய பாடம். சிக்கந்தருக்குச் சோறு போடும்போது ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாலே போதும். முனி இருந்தவரை வைவதற்கு ஒருவராவது இருந்தார். இனி அதுவும் இல்லை.

கிணற்றின் அடியிலிருந்து வந்த குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"இதை எனக்கு ஏன் புள்ள சொல்லலே?"